பஸ் ஜன்னல் வீடு

எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. ஜன்னலோர நாற்காலி மாமனாருடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் தொண்டையைச் செருமியே எழுப்பிவிடுவார். கூடத்தில் நல்ல வெளிச்சம் விழுகிற மூலை என் வீட்டுக்காரருடைய கருவிப் பெட்டிகளுக்கு. அவர் எலெக்ட்ரீஷியன். பெட்டிகளுக்கு எதற்கு வெளிச்சம் என்று கேட்கக்கூடாது. வாசல் கதவுக்குப் பின்னாலிருக்கும் பெரிய ஆணி, லாரி ஓட்டுகிற மூத்தவருடைய கோட்டுக்கு. மாதத்தில் பாதி நாள் மனிதர் வீட்டிலேயே இருக்க மாட்டார். ஆனாலும் அந்த ஆணியில் இன்னொரு துணி தொங்கக்கூடாது. இடமில்லாதவர்கள் இரண்டே பேர்தான், வீட்டின் இரண்டு மருமகள்கள்.

நான் சின்னவள். துணி தைத்துக் கொடுக்கிறேன். சாப்பாட்டு மேஜைதான் என் தையல் கடை. சோறு வருகிற நேரம் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலடியில் வைப்பேன், எல்லோரும் கை கழுவியதும் மறுபடி தூக்கி வருவேன். என் இடுப்புவலிக்கு மருத்துவர் காரணம் கேட்டபோது, "எங்க வீட்ல நாலு வேளை சாப்பாடுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

மூத்தவள் என் ஓரகத்தி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பஸ் டிப்போவில் கண்ணாடி மாட்டுகிறாள். முதலில் பஸ் கழுவத்தான் சேர்ந்தாள். எங்கள் ஊர்க் குளிரில் பஸ் கழுவுவது என்றால் சும்மா இல்லை, கழுவின தண்ணீர் காலடியிலேயே உறைந்து வழுக்கும். கழுவிக்கொண்டே பக்கத்தில் கண்ணாடி மாட்டுகிறவரைப் பார்த்தாள். ஒருநாள் அவர் வரவில்லை. ஜன்னல் இல்லாத பஸ் ஒன்று காலையில் கிளம்பவேண்டும். "நான் மாட்டறேன்" என்றாள். ஃபோர்மேன் "கையை அறுத்துக்குவ" என்றாராம். "என் கைதானே, உங்களுக்கென்ன?" என்று கேட்டிருக்கிறாள். அன்று மாட்டியவள்தான். டிப்போவில் அவளுடைய பெயரே "கண்ணாடி" என்றாகிவிட்டது.

ஆள் குள்ளம், கோபம் உயரம். அநியாயம் என்று பட்டால் எதிரே நிற்பது யார் என்று பார்க்க மாட்டாள். வீட்டில் மட்டும்தான் பல வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஃபோனில் அவள் புருஷன் எப்போதும் சொல்கிற ஒரே வசனம், "அனுசரிச்சுப் போ." லாரி மலையேறினாலும் இறங்கினாலும் அவர் வாயில் அந்த ஒரே கியர்தான்.

வீட்டுக்குப் பின்னால் வேலி வரைக்கும் ஒரு துண்டு நிலம் கிடந்தது. வெயில் என்று ஒன்று வந்தால் முதலில் விழுவது அந்தப் பக்கத்துச் சுவரில்தான். அதில் கத்தரியும் மிளகாயும் தக்காளியும் போடவேண்டும் என்பது அக்காவின் ஆசை. ஒரு வருடம் பனி விட்டதும் நேராக மண்ணில் விதைத்தாள். செடி வந்தது, பூவும் வந்தது. பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் திரும்பவும் பனி கொட்டி எல்லாம் கருகியது. எங்கள் ஊரில் கோடைக்காலம் விருந்தாளி மாதிரி, உட்காருவதற்குள் கிளம்பிவிடும். அடுத்த வருடம் முன்கூட்டியே சமையலறை ஜன்னலில் நாற்று விட்டாள். அங்கே வெளிச்சம் போதாது. நாற்று நூலாக நீண்டு தலை சாய்ந்து விழுந்தது. அப்போதுதான் புரிந்தது, குளிர் போவதற்கு முன்பே விதை முளைக்கவேண்டும், அதற்குச் சூடும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடி வீடு கட்டவேண்டும்.

சாப்பாட்டு மேஜையில் அதைச் சொன்னாள். என் மெஷின் கட்டிலடியில் இருந்தது.

"கண்ணாடி வீடா?" என்றார் மாமனார். "ஏம்மா, நான் பாய்லர்ல வேலை பார்த்தவன். சூடுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். கண்ணாடிக்குள்ள சூடு நிக்காது. கல்லுல நார் உரிக்காதே."

உண்மைதான், மாமனார் ஒரு துணி ஆலையில் காலமெல்லாம் பாய்லரைக் கவனித்தவர். சூடு வெளியே போவது அவருக்குத் திருட்டு மாதிரி. எங்கள் வீட்டின் தேசிய கீதமே "கதவைச் சாத்து, சூடு போகுது" என்பதுதான். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தால் போதும், தூக்கத்திலும் அதைச் சொல்லுவார். நாங்களும் பழகிப்போய் அடுத்தவர் வீட்டுக் கதவைக்கூடச் சாத்திவிட்டு வருவோம்.

"அதோட அந்த இடம் எனக்கு வேணும் அண்ணி," என்றார் என் வீட்டுக்காரர். "வண்டி தெருவுல நிக்குது. பனி விட்டதும் கொத்தனார் வந்து ஷெட்டுக்குத் தளம் போடறார். சொல்லி வெச்சாச்சு."

யாரிடம் சொல்லி வைத்தார், யாரிடம் கேட்டார், எனக்கே அன்றுதான் தெரியும். உறைபனியில் சிமெண்ட் பிடிக்காது என்பதால் கொத்தனார் குளிர் போவதற்காகக் காத்திருந்தார். அக்காவும் அதே நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்ப அதுவரைக்கும் இடம் சும்மாதானே கிடக்கு? நான் கட்டறேன்."

"இடம் கொடுத்தா மடம் பிடுங்குவா," என்று மாமனார் கூரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. "சரி, பந்தயம். கொத்தனார் வர்ற அன்னிக்கு மண்ணுல நடற மாதிரி நாத்து நின்னா இடம் உனக்கு. இல்லன்னா ஷெட்டு. அப்புறம் மூச்சு விடக்கூடாது."

"சரி," என்றாள் அக்கா. அவ்வளவு சீக்கிரம் சரி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் ஏற்கெனவே பாதி வீட்டைக் கட்டிவிட்டவள் மாதிரி இருந்தது.

டிப்போவில் பழைய பஸ்கள் சிலவற்றை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டியவை. ஃபோர்மேனிடம் கேட்டு, சட்டத்தோடு முழு முழு ஜன்னலாகக் கழற்றி வைத்துக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுவர வண்டி வேண்டும். நான் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "என் ஷெட்டுக்கு வேட்டு வைக்க என் வண்டியையே கேக்கறியா? நல்லா இருக்கே கதை!" என்றார். இந்த மனிதரோடு பேசுவதைவிட ஜன்னலைச் சுமப்பது மேல் என்று முடிவு செய்தோம்.

வேலை முடிந்து வருகிற பஸ்ஸிலேயே தினமும் ஒரு ஜன்னல் வந்தது. நான் டிப்போ வாசலில் போய் நிற்பேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றுவோம். முதல் நாள் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "கண்ணாடி, இதுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டார்.

"பஸ்ஸோட ஜன்னல் பஸ்ல போகுது. வீட்டு ஆளுக்கு எதுக்கு டிக்கெட்?" என்றாள் அக்கா. பஸ்ஸே சிரித்தது.

எங்கள் பழைய கட்டிலின் சட்டங்களை நான் கொடுத்தேன். வெயில் விழும் சுவரை ஒட்டி அந்தச் சட்டங்களை நிறுத்தி, சரிவாகக் கூரை வைத்தாள். பிறகு ஜன்னல் மாட்டினாள். அதைப் பார்க்க நான் குளிரில் நின்றதில் வருத்தமே இல்லை. ரப்பர் பட்டையின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிப் பதிப்பாள், சோப்புத் தண்ணீர் தடவுவாள், ஜன்னலை வெளியிலிருந்து நான் அழுத்திப் பிடிக்க, உள்ளேயிருந்து கயிற்றை மெதுவாக இழுப்பாள். இழுக்க இழுக்க ரப்பரின் உதடு மடிந்து மரத்தைக் கவ்விக்கொண்டே போகும். ஒரு சுற்று முடிந்தால் ஊசி நுழைய இடம் இருக்காது. ஒரு ஜன்னலில் "அவசர வழி" என்ற சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. கிழித்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்டி, இந்த வீட்ல எனக்கு இருக்கற ஒரே அவசர வழி இதுதான்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அந்த ஸ்டிக்கரின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டேன்.

உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்த தண்ணீர் கேன்களைச் சுவரோரம் அடுக்கினாள். பகலில் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை விடும். ராத்திரிக்குப் பழைய கம்பளிகளைக் கண்ணாடி மேல் போர்த்துவாள். கடுங்குளிர் என்றால் நாற்றுத் தட்டுகளை வீட்டுக்குள் தூக்கிவந்து மாடிப்படியில் வரிசையாக வைப்பாள். விதைகளை ஈரத்துணியில் முடிந்து, ஸ்வெட்டருக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டே வேலைக்குப் போனாள். உடம்புச் சூட்டில் முளை கட்டியது. "பிள்ளை சுமக்கற மாதிரி சுமக்கறியே" என்று நான் சொன்னதற்கு, "இது உதைக்காது" என்றாள்.

முட்டை அட்டைகளிலும் வெட்டின பால் பாக்கெட்டுகளிலும் நாற்று எழுந்தது. நூல் மாதிரி இல்லை. குட்டையாக, தண்டு கெட்டியாக, தலை நிமிர்ந்து. வெளியே வேலி மறையப் பனி கிடக்கும்போது உள்ளே பச்சை. நானும் போய்க் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொள்வேன், கோட்டின் பொத்தானைக் கழற்றிவிடுவேன், ஈர மண் வாசனை மூக்கில் ஏறும். அந்தக் கண்ணாடி அறையில் எனக்கு இருந்த நிம்மதி வீட்டில் எந்த அறையிலும் இருந்ததில்லை.

வெயில் வருகிற நாளில் மேல் ஜன்னல் இரண்டையும் ஒரு சாண் தள்ளித் திறந்துவிட்டுத்தான் அக்கா வேலைக்குப் போவாள். பஸ் ஜன்னல் ஆயிற்றே, தள்ளினால் நகரும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். "அதைச் சாத்திடாதீங்க."

சொன்னாள்தான். ஆனால் எந்த வீட்டில் சொன்னாள் என்று யோசித்தாளா?

அன்று நல்ல வெயில், ஆனால் காற்று காதை அறுக்கிற குளிர். நான் துணி கொடுக்க வெளியே போயிருந்தேன். மாமனார் மட்டும் வீட்டில். மாலையில் அக்கா வந்து கண்ணாடிக் கதவைத் திறந்தாள், அப்படியே நின்றாள். பின்னாலேயே போன எனக்கு முகத்தில் ஆவி அடித்தது. ஒரு நாற்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. எல்லாம் துவண்டு தட்டோடு ஒட்டிக் கிடந்தன. மேல் ஜன்னல் இரண்டும் மூடியிருந்தன. ஒன்று முழுசாக மூடவில்லை போலிருக்கிறது, இடுக்கில் மாமனாருடைய பழுப்பு நிற மஃப்ளர் செருகியிருந்தது.

அக்கா அந்த மஃப்ளரை உருவி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"குளிர்ல செத்துடுச்சா?" என்றார் மாமனார். "நான் அப்பவே சொன்னேன். யாரோ ஜன்னலை வேற ஆவென்னு திறந்து போட்டிருந்தாங்க. நான் பார்த்தேன், பாவமா இருந்துச்சு, சாத்தினேன். அப்படியும் பிழைக்கலையா?"

பொய் இல்லை. அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அவர் தினமும் அந்த நாற்றை எட்டிப் பார்ப்பார் என்பதும் எனக்குத் தெரியும். இப்படிப்பட்டவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? அக்காவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

"குளிர்ல சாகல மாமா. வெந்து செத்துச்சு."

"வெளிய பனி கிடக்கு. உள்ள எப்படி வேகும்? விளையாடறியா?"

"நாளைக்கு எனக்கு லீவு. வெயில் வந்தா நீங்க உள்ள உக்காருங்க. நான் சாத்தறேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். விடுவாரா? "உக்காரறேன். பாய்லர் பக்கத்துல உக்காந்தவனுக்கு உன் கண்ணாடிப் பொட்டி ஒரு பொருட்டா?"

மறுநாளும் வெயில் வந்தது. ஸ்வெட்டர், கோட்டு, கம்பளித் தொப்பி, திருப்பிக் கொடுத்த மஃப்ளர் சகிதம் மாமனார் உள்ளே போய் வாளியில் உட்கார்ந்தார். கையில் செய்தித்தாள் வேறு. அக்கா ஜன்னல்களைச் சாத்தினாள். நாங்கள் இருவரும் வெளியே, கூரையிலிருந்து பனிக்கட்டி ஈட்டி ஈட்டியாகத் தொங்க, பல் தந்தியடிக்க நின்றோம். என் வீட்டுக்காரர் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் தொப்பி போனது. பிறகு மஃப்ளர். செய்தித்தாள் விசிறியானது. கோட்டு போனது. ஸ்வெட்டரைத் தலை வழியாக இழுக்கிற போராட்டத்தில் கண்ணாடியெல்லாம் வியர்த்து ஆள் தெரியவில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு கை கண்ணாடியைத் துடைத்தது. அடுத்தது தடாலென்று ஒரு ஜன்னல் தள்ளப்பட்டு, செக்கச் சிவந்த ஒரு தலை வெளியே வந்து மூச்சு வாங்கியது. அவசர வழி என்று எழுதியிருந்த ஜன்னல்தான்.

"கதவைச் சாத்துங்க மாமா," என்றாள் அக்கா, "சூடு போகுது."

நான் சிரித்துச் சிரித்துப் பனியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பரம்பரை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தவர், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "ஜன்னல் விஷயம் நீ சொன்னது சரிதான். ஆனா பந்தயம்னா பந்தயம். நாத்து எங்க?" என்றார். என் வீட்டுக்காரர் அதற்குத் தலையாட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைக்கவில்லை.

அக்கா அழவில்லை. மீதியிருந்த விதைகளை மறுபடி ஈரத்துணியில் முடிந்து இடுப்பில் கட்டினாள். காலம் தாழ்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். கத்தரி சீக்கிரம் வளருகிற சாதி இல்லை, அவசரப்படுத்தினால் முறைக்கும். தினமும் டிப்போவிலிருந்து வந்ததும் கையுறையைக்கூடக் கழற்றாமல் நேரே பின்பக்கம் போவாள். ஆனால் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பனி உருகத் தொடங்கியது. எங்கள் தெருவில் எல்லோரும் அந்தச் சத்தத்துக்குச் சந்தோஷப்படுவார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் அதைக் கேட்டுக் கொத்தனார் வரும் நாளை எண்ணினோம்.

கொத்தனார் வந்துவிட்டார். சிமெண்ட் மூட்டைகள் வேலியோரம் இறங்கின. என் வீட்டுக்காரர் அளவு நாடாவோடு நின்றார். மாமனார் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். நாற்று இருந்தது. உயிரோடு, பச்சையாக, விரல் உயரத்தில், இரண்டு மூன்று இலையோடு. மண்ணில் நட்டால் முதல் காற்றுக்கே போய்விடும். அது அவருக்கும் தெரிந்தது, எங்களுக்கும் தெரிந்தது.

"நடற மாதிரி இல்லையேம்மா," என்றார். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"இல்ல," என்றாள் அக்கா. "தோத்துட்டேன்."

என் வீட்டுக்காரர் நாடாவை இழுத்தார்.

"நாடாவை மடக்குங்க தம்பி. தோத்துட்டேன்னுதான் சொன்னேன், இடத்தை விட்டுட்டேன்னு சொல்லல."

"இது என்ன அண்ணி நியாயம்? பந்தயத்துக்கு நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?"

"ஒத்துக்கிட்டதுதான் தப்பு." அக்கா கண்ணாடிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். "இந்த வீட்டுக்கு வந்து எனக்குத் தலை பாதி நரைச்சுடுச்சு. ஒரு மூலை வேணும்னா நான் எதுக்குப் பந்தயம் கட்டணும்? கூடத்துல உங்க பெட்டிங்க உக்காந்திருக்கே, நீங்க எந்தப் பந்தயத்துல ஜெயிச்சீங்க? உங்க அண்ணன் கோட்டு மாட்ட ஆணி கேட்டப்ப யாராவது நாத்து காட்டச் சொன்னாங்களா? மாமா, நீங்க அந்த நாற்காலியில உக்கார எந்த விதையை முளைக்க வெச்சீங்க? இந்தச் செடி நாளைக்கே செத்தாலும் இது என் இடம். வேற செடி வெப்பேன். செடியே வெக்காம சும்மா உள்ள உக்காந்திருப்பேன். அதுவும் என் இஷ்டம்."

கூரையிலிருந்து உருகின தண்ணீர் சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

கொத்தனார்தான் பொறுக்க முடியாமல் கேட்டார். "கலக்கறதா, வேணாமா? எனக்கு இன்னொரு வீடு இருக்கு."

"கலக்குங்க," என்றாள் அக்கா. "என் சட்டத்தோட அடி மரம் ஈரத்துல ஊறுது. சுத்தி ஒரு அடிக்கட்டு போட்டுக் கொடுங்க. வந்த சிமெண்ட் வீணாகக் கூடாது."

கொத்தனார் மாமனாரைப் பார்த்தார். மாமனார் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை. கடைசியில் மாமனார் தொண்டையைச் செருமினார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை எழுப்புகிற அதே செருமல்தான். "வண்டி தெருவுலேயே நிக்கட்டும்டா," என்றார். பிறகு வெயிலைப் பார்த்தார், கண்ணாடிக் கூரையைப் பார்த்தார், எக்கி நின்று மேல் ஜன்னலை ஒரு சாண் தள்ளித் திறந்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

அந்த வருடம் மிளகாய் காய்த்தது, தக்காளி காய்த்தது, கத்தரி மட்டும் மூன்றே மூன்று. அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. மூத்தவர் லாரியிலிருந்து ஃபோன் செய்து வழக்கம்போல "அனுசரிச்சுப் போ" என்றபோது, "யாரு, நானா? அவங்ககிட்ட சொல்லுங்க, ஃபோனைத் தர்றேன்," என்று அக்கா ஃபோனை மாமனாரிடம் நீட்டியதைப் பார்த்தேன். அக்கா இன்னும் டிப்போவில் கண்ணாடி மாட்டுகிறாள். இன்னொரு பஸ் உடைக்கப் போகிறார்களாம், கண்ணாடி வீட்டை வேலி வரைக்கும் நீட்டப்போகிறாள். யாரிடமும் அவள் கேட்கவில்லை.

கொத்தனார் வந்த அன்று மாலை, அவர் போனதும் சாப்பாட்டு நேரம் வந்தது. தட்டுகள் வருகின்றன என்று மெஷினைத் தூக்கினேன். கட்டிலடிக்குப் போகவில்லை. கூடத்து மூலைக்குப் போனேன், கருவிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வாசலுக்கு நகர்த்தினேன், நல்ல வெளிச்சம் விழுகிற அந்த இடத்தில் மெஷினை வைத்தேன்.

"என் பெட்டிங்க எங்க போறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வண்டியில வெச்சுக்கங்க," என்றேன். "தெருவுலதானே நிக்குது."